கம்ப்யூட்டரில் ரெசிஸ்டர் எரிவதில்லை



இந்த முறை என் பழைய தொழில் பக்கம் கொஞ்சம் போகலாம் என்று இருக்கிறேன். கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தலுக்கு மேல் ஒன்றும் இல்லை. பேரனோ பேத்தியோ பாலிடெக்னிக்கிலோ இன்ஜினியரிங் கல்லூரியிலோ படிக்கும் வீட்டுக்காரர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மாணவர்கள் எலக்ட்ரானிக் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து அங்கேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்குச் சிமுலேஷன் என்று பெயர். வோல்டேஜ் பார்க்கிறார்கள், கரண்ட் பார்க்கிறார்கள், படத்தை அச்செடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறார்கள். ஆனால் எந்தப் பாகத்தில் எத்தனை வாட் செலவாகிறது என்று பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும் அந்த வாட் பாகத்தை எத்தனை டிகிரி சூடாக்கும் என்று கேட்பதில்லை. இந்த இரண்டு எண்ணும் இல்லாத ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கட்சி.

என் வயதுக்காரர்களில் பலர் "கம்ப்யூட்டரில் சர்க்யூட் போடுவதெல்லாம் ஒரு படிப்பா? சால்டரிங் அயர்ன் பிடித்தால்தான் படிப்பு" என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. திருச்சிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மின் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அந்த நாளில் இந்த மென்பொருள் கையில் இருந்திருந்தால் எத்தனை மீட்டர்களும் எத்தனை மாணவர் விரல்களும் தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கருவி நல்ல கருவி. அதனிடம் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் கருவியின் வரலாறு சுருக்கமாக. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் வழிகாட்டுதலில், லாரன்ஸ் நேகல் என்ற மாணவர் எழுதிய நிரல்தான் ஸ்பைஸ். 1973-ல் வெளிவந்தது. ஐ.சி. சில்லுகளைச் செய்து பார்த்துத் திருத்துவது பணத்தை விழுங்கும் வேலை. செய்வதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று பிறந்தது அது. பெடர்சன் அதைப் பூட்டி வைக்காமல் பொதுவில் விட்டார். அதனால்தான் இன்று உலகம் முழுவதும் ஓடுகிற பல சர்க்யூட் மென்பொருள்களின் வயிற்றுக்குள் ஸ்பைஸின் கணக்கு முறையே இருக்கிறது. லீனியர் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்டு, இப்போது அனலாக் டிவைசஸ் வசம் இருக்கும் எல்.டி.ஸ்பைஸ் இலவசம். என்.ஜி.ஸ்பைஸ் திறந்த மூல மென்பொருள். அதை வைத்து நம் ஐ.ஐ.டி. மும்பை மாணவர்களுக்காகவே ஈசிம் என்று ஒன்றைச் செய்து இலவசமாகத் தருகிறது. ஆக, பணம் இல்லை என்பது இங்கே சாக்கு ஆகாது. சாதாரண மடிக்கணினி போதும்.

இனி வாட் கணக்குக்கு வருவோம்.

டிப்ளமா எலக்ட்ரிகல் படித்தவர்களுக்கு வாட்மீட்டர் நினைவிருக்கும். மரப்பெட்டி, மேலே கண்ணாடி, ஒரு முள், எம், எல், சி, வி என்று நான்கு முனைகள். உள்ளே இரண்டு சுருள். ஒன்றில் லோடின் கரண்ட் போகும், அது அசையாது. மற்றொன்றில் வோல்டேஜுக்கு ஏற்ப சிறு கரண்ட் போகும், அதுதான் முள்ளோடு சேர்ந்து திரும்பும். இரண்டின் காந்தமும் ஒன்றை ஒன்று தள்ளுவதால், முள்ளின் மேல் வரும் விசை அந்தந்தக் கணத்தின் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கியதற்குச் சமம். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் இந்தப் பெருக்கல் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். முள்ளுக்கு அவ்வளவு வேகமாக ஆட முடியாது. அதன் எடையே அதைச் சராசரியில் நிறுத்திவிடும். அதாவது அந்த மரப்பெட்டி இரண்டு வேலை செய்தது: பெருக்கியது, சராசரி எடுத்தது.

எல்.டி.ஸ்பைஸும் அதே இரண்டு வேலையைத்தான் செய்கிறது. சர்க்யூட்டை ஓட்டிய பிறகு, விசைப்பலகையில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு பாகத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால், சுட்டி ஒரு தெர்மாமீட்டர் படமாக மாறும். செய்தவர் விஷயம் தெரிந்தவர்! வாட் என்றால் சூடு என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். அங்கே சொடுக்கினால் அந்தப் பாகத்தின் கணத்துக்குக் கணமான வாட் வளைகோடாக வரும். மேலே தெரியும் அந்தக் கோட்டின் பெயரை, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் சராசரி வாட் ஒரு சிறு பெட்டியில் வந்து நிற்கும். டிரான்சிஸ்டராக இருந்தால் அதன் எல்லாக் கால்களையும் சேர்த்தே கணக்கிடும். அந்த நாளில் ஒரு டிரான்சிஸ்டருக்குள் எத்தனை வாட் போகிறது என்று அளக்க அரை நாள் ஆகும். இப்போது இரண்டு சொடுக்கு.

இவ்வளவு எளிதாக இருந்தும் தவறுகள் எங்கே வருகின்றன? நான் பார்த்தவற்றில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பழைய 100 வாட் குண்டு பல்பு. எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். 230 வோல்ட்டை 230 வோல்ட்டால் பெருக்கி 529 ஆல் வகுத்தால் சரியாக 100 வாட் வரும். இதைக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னால் பாதிப் பேர் 50 வாட் என்று கொண்டுவருவார்கள். காரணம், மென்பொருளில் ஏ.சி. அலைக்குக் கொடுக்க வேண்டியது உச்ச மதிப்பு. 230 என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதன் உச்சம் 325. உச்சம் என்ற இடத்தில் 230 என்று எழுதினால் வாட் சரிபாதியாகிவிடும். வோல்டேஜ் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு அலை அழகாகத் தெரியும், ஒரு சந்தேகமும் வராது. வாட்டைப் பார்த்தால்தான் "100 வாட் பல்பு ஏன் 50 காட்டுகிறது?" என்ற கேள்வியே வரும். வாட் பார்ப்பதன் முதல் லாபம் இது. நம் கணக்கை நமக்கே சரிபார்த்துக் கொடுக்கும்.

சரியாகப் போட்டவருக்கு, அந்த பல்பின் வாட் கோடு 0-க்கும் 200-க்கும் நடுவே விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குவது தெரியும். சராசரி 100. நான் கரும்பலகையில் எத்தனையோ வருடம் சாக்பீஸால் வரைந்து காட்டியதை ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. இதற்காகவே இந்த மென்பொருளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாவது, சராசரி கரண்டை நம்பி மோசம் போவது. ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக 1 ஆம்பியர் கரண்ட் போகிறது. ஆனால் தொடர்ந்து இல்லை. பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும், விட்டு விட்டு. மல்டிமீட்டர் சராசரியாக 0.1 ஆம்பியர் காட்டும். கரண்டை வர்க்கம் செய்து ஓமால் பெருக்கினால் வாட். 0.1 பெருக்கல் 0.1 பெருக்கல் 10, ஆக 0.1 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாராளம் என்று மாணவர் எழுதிவிடுவார். உண்மை என்ன? கரண்ட் போகும் நேரத்தில் 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, ஆக 10 வாட். அது பத்தில் ஒரு பங்கு நேரம் என்பதால் சராசரி 1 வாட். எழுதியதைப் போலப் பத்து மடங்கு! கால் வாட் ரெசிஸ்டர் கருகிப் போகும். முதலில் பெருக்கு, பிறகு சராசரி எடு. வரிசை மாறினால் கணக்கு மாறும். நம் வீட்டு சார்ஜர், டி.வி., எல்.இ.டி. பல்பு எல்லாவற்றிலும் கரண்ட் இப்படித் துண்டு துண்டாகத்தான் போகிறது.

மூன்றாவது, எதிர் எண்ணைக் கண்டு மிரள்வது. பேட்டரி மேல் சொடுக்கினால் வாட் மைனஸில் வரும். "சார், மைனஸ் வருது, சாஃப்ட்வேர் தப்பு" என்பார்கள். தப்பு இல்லை. வாங்குவது பிளஸ், கொடுப்பது மைனஸ், அவ்வளவுதான். இரண்டு வாட்மீட்டர் முறையில் பவர் ஃபேக்டர் 0.5-க்குக் கீழே போனால் ஒரு மீட்டரின் முள் பின்பக்கம் போய் இடிக்குமே, நினைவிருக்கிறதா? முனையை மாற்றி இணைத்து, அந்த அளவை மைனஸாக எழுதச் சொல்வோம். அதே சமாசாரம்தான்.

ஒரு கெப்பாசிட்டரை நேராக 230 வோல்ட்டில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீலிங் ஃபேனில் இருக்குமே, அந்த 2.5 மைக்ரோஃபேரட் அளவே போதும். வாட் கோடு பிளஸ் 41 வரை ஏறும், மைனஸ் 41 வரை இறங்கும். சராசரி பூஜ்யம். கால் சுற்றில் வாங்கியதை அடுத்த கால் சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கைமாற்று வாங்கி நாணயமாகத் திருப்பித் தரும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

இதில் ஒரு நல்ல பரிசோதனை உண்டு. சர்க்யூட்டில் உள்ள எல்லாப் பாகங்களின் வாட்டையும் கூட்டினால், ஒவ்வொரு கணத்திலும் கூட்டுத்தொகை பூஜ்யம் வர வேண்டும். நெதர்லாந்துக்காரரான டெல்லஜென் 1952-ல் நிறுவிய தேற்றம் இது. நம் பாஷையில் சொன்னால் வரவும் செலவும் சரியாக இருக்க வேண்டும். மளிகைக் கணக்கு எழுதிய அம்மாக்களுக்குத் தேற்றம் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை உதைத்தால் எங்கோ ஓர் இனம் விட்டுப் போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மாணவர் இந்த ஒரு கூட்டலைச் செய்தாலே போதும், எந்தப் பாகத்தைக் கவனிக்காமல் விட்டோம் என்று பிடிபட்டுவிடும்.

நான்காவது, உச்சத்தையும் சராசரியையும் குழப்புவது. 24 வோல்ட், 5 ஆம்பியரை விநாடிக்கு ஒரு லட்சம் முறை திறந்து மூடும் ஒரு மாஸ்ஃபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு கண நேரம் வோல்டேஜும் கரண்டும் சேர்ந்து அதன் மேல் நிற்கும். அப்போது வாட் கோடு 120-க்குப் பாயும். பார்த்தவுடன் மாணவர் பயந்துபோவார். ஆனால் அந்தப் பாய்ச்சல் 50 நானோ விநாடிதான் என்றால் ஒரு முறைக்குச் செலவு 3 மைக்ரோஜூல். விநாடிக்கு இரண்டு லட்சம் முறை என்று பெருக்கினால் 0.6 வாட். பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மென்பொருள் கணக்கிடும் நேர இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த ஊசிமுனைப் பாய்ச்சல் அதன் கண்ணிலேயே படாது, வாட் குறைவாகக் காட்டும். சராசரி எடுக்கும்போதும் அப்படித்தான். திரையில் தெரியும் பகுதிக்குத்தான் சராசரி வரும். சர்க்யூட் நிலைக்கு வருமுன் இருக்கும் ஆரம்பத் தடுமாற்றத்தைச் சேர்த்துவிட்டாலோ, சுற்றின் பாதியில் வெட்டிவிட்டாலோ, வரும் எண் அர்த்தமில்லாத எண்.

இதுவரை சொன்னது மென்பொருளிடம் சரியாகக் கேட்பது பற்றி. என் உண்மையான கவலை இதற்கு அப்பால் இருக்கிறது. சரியாகக் கேட்டாலும் மென்பொருள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு.

கம்ப்யூட்டரில் ரெசிஸ்டர் எரிவதில்லை. கால் வாட் ரெசிஸ்டர் என்று மனதில் வைத்துக்கொண்டு அதன் வழியே 100 வாட் அனுப்பிப் பாருங்கள். அமைதியாக 100 வாட் என்று காட்டும். புகை வராது, நாற்றம் வராது, நிறம் மாறாது. அது கால் வாட் சாமான் என்று அதற்குத் தெரியவே தெரியாது. அதற்கு அது ஓர் ஓம் எண், அவ்வளவுதான். அந்த நாளில் எங்களுக்கு மூக்கே ஒரு மீட்டர். ரெசிஸ்டர் வார்னிஷ் சூடேறும் வாசனை வந்தால் ஸ்விட்சை நோக்கிக் கை தானாகப் போகும். இன்றைய பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை இல்லை. எனவே அவர் அதை எண்ணாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்பைஸ் தானாக எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை 27 டிகிரி. சித்திரையில் நம் ஊரில் 27 டிகிரி எங்கே இருக்கிறது? விடியற்காலையில் தேடினாலும் கிடைப்பது அரிது. பகலில் 40. வெயிலில் நிற்கும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60-ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களின் விவரத்தாளைப் பாருங்கள். பொதுவாக 70 டிகிரி வரைதான் முழு வாட் தாங்கும். அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 155 டிகிரியில் பூஜ்யம். சுற்றுச்சூடு 90 டிகிரி என்றால் கால் வாட் ரெசிஸ்டர் உண்மையில் 0.19 வாட் ரெசிஸ்டர்தான்.

கெப்பாசிட்டர் கதையும் அப்படியே. மென்பொருளில் சும்மா ஒரு கெப்பாசிட்டரை எடுத்துப் போட்டால் அது குறையே இல்லாத கெப்பாசிட்டர். சராசரி வாட் பூஜ்யம். கடையில் வாங்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் சிறு மின்தடை உண்டு, அதில் கரண்ட் ஏறி இறங்கும்போது சூடாகும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. பத்து வருடம் உழைக்கும் என்று அட்டையில் போட்ட எல்.இ.டி. பல்பு இரண்டாம் தீபாவளிக்குள் கண் சிமிட்ட ஆரம்பித்தால், பல நேரம் உள்ளே வெந்து போனது இந்தக் கெப்பாசிட்டராக இருக்கும். அந்த உள் மின்தடையை மாணவர் தன் கையால் எழுதிச் சேர்த்தால்தான் மென்பொருள் அதன் சூட்டைக் காட்டும்.

போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கடைசி வருட புராஜெக்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். அவன் அப்பா வாழை போட்டிருக்கிறார். சொட்டு நீர் வால்வை நேரம் பார்த்துத் திறந்து மூடும் கருவி. சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து 7805 ஐ.சி. மூலம் 5 வோல்ட். சிமுலேஷன் படத்தில் 5 வோல்ட் கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது.

"இந்த ஐ.சி.யில் எத்தனை வாட் போகுது தம்பி?" என்றேன்.

சொடுக்கிப் பார்த்தான். "மூன்றரை வாட் தாத்தா. கம்மிதானே?"

12-க்கும் 5-க்கும் இடையே 7 வோல்ட். கரண்ட் அரை ஆம்பியர். பெருக்கினால் 3.5 வாட். எண் சரி. "கம்மிதானே" என்பதுதான் சரியில்லை. 7805-ன் டி.ஓ.220 உறையை, வெப்பம் கடத்தும் தகடு இல்லாமல் அப்படியே நிறுத்தினால், ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி சூடு ஏறும். விவரத்தாளிலேயே இருக்கிறது. 3.5-ஐ 65-ஆல் பெருக்கினால் 227. அதுவும் சுற்றுச்சூட்டுக்கு மேலே! சில்லு தாங்குவது 125, மிஞ்சினால் 150. நல்லவேளை, அளவுக்கு மீறிச் சூடானால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு அந்த ஐ.சி.க்குள் இருக்கிறது. ஆக என்ன நடக்கும்? கொஞ்ச நேரம் ஓடும், சூடேறி அணையும், ஆறியதும் மறுபடி உயிர் வரும். பையன் புரோகிராமில் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுவான். வாழை காயும்.

பிறகு அவனை ஒரு வேலை செய்யச் சொன்னேன். படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பம் போகும் வழியும் ஒரு சர்க்யூட்தான். வாட்டைக் கரண்டாக வை. டிகிரியை வோல்டேஜாக வை. ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்பதை ஓமாக வை. அதே மென்பொருளில், அதே பக்கத்தின் ஓரத்தில், 3.5 ஆம்பியர் தரும் ஒரு கரண்ட் மூலம், அதற்கு ஒரு 65 ஓம் ரெசிஸ்டர், கீழே சுற்றுச்சூட்டுக்கு 45 வோல்ட் பேட்டரி. ஓட்டினால் 272 வோல்ட் காட்டும். அது 272 டிகிரி என்று படித்துக்கொள். தகடு வைத்தால் சில்லிலிருந்து உறைக்கு 5, தகட்டிலிருந்து காற்றுக்கு 10, ஆக 15 ஓம் என்று வைத்துப் பார். 97.5 டிகிரி. பிழைத்தது. பெட்டிக்குள் 60 டிகிரி என்றால்? 112.5. பிழைத்தது, ஆனால் மயிரிழையில்.

பையன் கெட்டிக்காரன். தகடு வைக்கவில்லை. 7805-ஐயே எடுத்துவிட்டு ஸ்விட்சிங் முறையில் இறக்கும் பக் கன்வெர்ட்டர் போட்டான். வீணாகும் வாட் அரைக்கும் கீழே வந்தது. அதோடு வரவு செலவுக் கணக்கும் போட்டான். 2.5 வாட் வேலைக்கு முன்பு பேட்டரி 6 வாட் கொடுத்தது, இப்போது 3-க்கும் கீழே. மழைக்காலத்தில் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும். வோல்டேஜ் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா? இரண்டு சர்க்யூட்டிலும் அது அதே நேரான 5 வோல்ட் கோடுதானே.

இதற்கு வரும் எதிர்ப்பேச்சும் எனக்குத் தெரியும்.

"பாடத்திட்டத்தில் நேரம் இல்லை" என்பார்கள் ஆசிரியர்கள். இரண்டு சொடுக்குக்கும் ஒரு பெருக்கலுக்கும் எவ்வளவு நேரம்? புதுப் பாடம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே செய்யும் ஒவ்வொரு பரிசோதனையின் அட்டவணையிலும் மூன்று கட்டம் கூடுதலாகக் கிழித்தால் போதும். சராசரி வாட், அந்தப் பாகம் தாங்கும் வாட், 45 டிகிரி சுற்றுச்சூட்டில் அதன் வெப்பநிலை. வைவாவில் வேறு எதையும் கேட்காமல் "இதில் அதிகம் சூடாவது எது, ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பையன் தானே செய்தானா, நண்பனிடம் வாங்கி ஒட்டினானா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

"இதெல்லாம் கம்பெனியில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்வார்கள்" என்பது இன்னொரு பேச்சு. எல்லோரும் பெரிய கம்பெனிக்குப் போவதில்லை. பலர் சின்னப் பட்டறையில் ஸ்டெபிலைசர் கட்டுவார்கள், தெருவிளக்குக்கு டிரைவர் செய்வார்கள், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்வார்கள். அவர்களுக்கு மேலே திருத்துவதற்கு ஆள் இல்லை. அவர்கள் கட்டிய பெட்டி நம் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது, மர அலமாரிக்குப் பக்கத்தில், நாம் தூங்கும் அறையில். மின்சாரம் கம்பியில் போகும்போது கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு உண்டாகும் என்று ஜூல் 1841-ல் எழுதிவிட்டார். அதை மறந்து கட்டிய பெட்டிக்கு நாம் விலை கொடுக்கக் கூடாது.

"அப்படியானால் நேரடியாகச் செய்து தொட்டுப் பார்ப்பதே மேல் அல்லவா?" என்பார்கள் என் பழைய நண்பர்கள். தொட்டுப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் 97 டிகிரி என்று வந்ததை மேசையில் தெர்மோகப்பிள் வைத்துச் சரிபார்ப்பதுதான் முழுப் படிப்பு. இரண்டு எண்ணும் ஒத்து வராவிட்டால் இன்னும் நல்லது, ஏன் என்று தேடும்போதுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கும். ஆனால் கையால் தொட்டு ஒரு பாகத்தின் மேற்பரப்பைத்தான் அறிய முடியும். உள்ளே சில்லின் சூடு தெரியாது. அந்தக் கணக்குக்கு வாட் வேண்டும், வாட்டுக்கு இந்த மென்பொருள் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்குப் பகை இல்லை.

எனவே வீட்டில் படிக்கும் பிள்ளை இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர்கள் கம்ப்யூட்டரில் சர்க்யூட் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எதுப்பா இதிலே ரொம்ப சூடாகும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் ஆல்ட் விசையைத் தேடினால் சந்தோஷம். விழித்தால், இந்தப் பதிவைப் படிக்கக் கொடுங்கள். பெருக்கிப் பார்த்துவிட்டு எண்ணோடு வரச் சொல்லுங்கள்.

அடுத்த பதிவில் வேறு கதையோடு சந்திப்போம்.